அறிக்கையில் 9999, கண்ணுக்கு ஒரே வெள்ளை: சிமுலேட்டரில் மேகமும் பார்வைத் தூரமும்

ஜனவரி 9

வந்த கேள்வி இது: "விமான சிமுலேட்டரில் நிஜ வானிலையை இயக்கிப் பறக்கிறேன். வானிலை அறிக்கையில் பார்வைத் தூரம் 9999 என்று இருக்கிறது. ஆனால் 35,000 அடியில் கீழே பார்த்தால் தரையே இல்லை, வெள்ளை. கொஞ்சம் இறங்கினால் சட்டென்று தெளிகிறது, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி வெள்ளை. புரொப்பெல்லர் விமானத்தில் வேறு கூத்து: முன்னால் சுழலும் வட்டத்துக்குள் மட்டும் மேகம் காணாமல் போகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கிவிடலாமா?"

ஜனவரி 9, இரவு

வாங்காதீர்கள்.

கார்டு பழுதானால் அது மேகத்தை மட்டும் தேடிப் பிடித்துக் கெடுக்காது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிறம் தெறிக்கும், கோடுகள் ஓடும், டிரைவர் செத்து எழும், வேறு விளையாட்டுகளிலும் வரும். உங்கள் வெள்ளை ஒழுங்கான வெள்ளை. தப்பான எண்ணைக் கையில் கொடுத்து 'மூடுபனி போடு' என்றால் கார்டு இப்படித்தான் போடும்.

உங்கள் கேள்வியில் தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று எண் சம்பந்தப்பட்டது, மற்றது வரையும் வரிசை சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே செட்டிங்கை மாற்றிச் சரிசெய்யப் பார்த்தால் ஒரு வாரம் போய்விடும், சிமுலேட்டர் மீதே வெறுப்பு வரும். எந்த சிமுலேட்டர் என்று நீங்கள் சொல்லவில்லை, நான் ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை வைத்துப் பேசுகிறேன். அதில் உள்ளே ஓடும் எண்களை எல்லாம் திறந்து பார்க்கலாம் என்பதுதான் காரணம்.

முதலில் அந்த 9999. மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கையில் அதற்கு 10 கிலோமீட்டர் *அல்லது அதற்கு மேல்* என்று அர்த்தம். 10 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். விமான நிலையத்துக்கு அதற்கு மேல் தெரிந்து ஆகவேண்டியது எதுவும் இல்லை, அதனால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்து வானம் முழுக்கப் பூசினால் என்ன ஆகும்? 35,000 அடி என்பது 10,668 மீட்டர். உங்கள் காலுக்கு நேர் கீழே இருக்கும் தரையே 10 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வெள்ளையாகத்தான் தெரியும்.

ஜனவரி 10, காலை

செய்ய வேண்டியது: ஃப்ளைட்கியரின் டீபக் (பிழை தேடும்) மெனுவில், உள்ளே இருக்கும் ப்ராபர்ட்டிகளை, அதாவது ஓடும் மதிப்புகளைப் பார்க்கும் ஜன்னல் இருக்கிறது. அதில் என்விரான்மென்ட் கிளைக்குள் போய் விசிபிலிட்டி என்ற எண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அது மீட்டரில் இருக்கும். அந்த ஜன்னலை மூலையில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து மேலே ஏறுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், எண்ணை மட்டும் பாருங்கள்.

எளிய வானிலை முறையில் ஃப்ளைட்கியர் காற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: தரையை ஒட்டிய அடுக்கு, அதற்கு மேலே உள்ள அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் உயர வாரியாகப் பார்வைத் தூர அட்டவணை உண்டு. நீங்கள் ஏற ஏற இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டே வரும். அதனால் எண் மெதுவாகக் கூட வேண்டும். தூசியும் ஈரமும் பெரும்பாலும் கீழ் அடுக்கிலேயே தங்கிவிடுவதால் நிஜத்திலும் அப்படித்தான்.

எண் 10,000-லேயே அசையாமல் நின்றால், யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நொடிக்கு நொடி இரண்டு மதிப்புகளுக்கு நடுவே குதித்தால், இரண்டு பேர் எழுதுகிறார்கள். எண் ஒழுங்காகக் கூடியும் திரை வெள்ளையாகவே இருந்தால்தான் கிராபிக்ஸ் பக்கம் போக வேண்டும். பலரும் இந்த மூன்றாவதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஜனவரி 10, மாலை

இசட் விசையை அழுத்தினால் சரியாகிறதே என்று ஒருவர். ஆமாம், அந்த விசை பார்வைத் தூரத்தை மாற்றும், ஷிஃப்ட்டோடு அழுத்தினால் எதிர்த்திசையில் மாற்றும். சரியாகி, அப்படியே நிற்கிறதா, அல்லது சில நொடியில் பழைய நிலைக்கே திரும்புகிறதா? திரும்பினால் அது மருந்து இல்லை, ஆனால் நல்ல பரிசோதனை. நீங்கள் எழுதியதை வேறொன்று அழித்து எழுதுகிறது என்று உறுதியாகிவிட்டது.

ஜனவரி 12

யார் அந்த 'வேறொன்று' என்று கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு இது முதலில் வந்தபோது வெகு நாள் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் டிரைவரைப் புதுப்பித்த அதே சமயத்தில்தான் ஆரம்பித்தது. பழைய டிரைவருக்குத் திரும்பினேன், மாறவில்லை. பிறகு ஒரு நாள் வேறு விமானத்தில் பறந்தபோது எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதே வானம், அதே நேரம். அப்போதுதான் பொறி தட்டியது. நான் வழக்கமாக ஓட்டும் விமானத்தின் பொதிக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருந்தது. காக்பிட் கண்ணாடியில் மழைத்துளி போடுவதற்காக யாரோ எழுதியது. அது போகிற போக்கில் பார்வைத் தூரத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. மழை இருந்தால் 3,000, இல்லாவிட்டால் 10,000. ஏன் 10,000? எழுதியவருக்கு அது நிறைய என்று தோன்றியிருக்கும். தாழப் பறக்கும் சின்ன விமானத்துக்கு அது நிறையதான். அதே ஸ்கிரிப்டை ஒரு ஜெட்டுக்குள் நகலெடுத்துப் போட்டவர் உயரத்தை யோசிக்கவில்லை.

ஆக ஒரே எண்ணுக்கு மூன்று கைகள்: சிமுலேட்டரின் வானிலை, விமானத்தின் ஸ்கிரிப்ட், நம் விசைப்பலகை. ஒரே குழம்பில் மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போடுகிற கதை. உப்பு மோசம் என்று கடையை மாற்றிப் பயனில்லை, யார் யார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கேட்டவரின் 'சட்டென்று தெளிகிறது, மறுபடி வெள்ளை' என்பதும் இதே மாதிரிதான் தோன்றுகிறது. ஸ்கிரிப்ட் நிபந்தனை மாறும்போது ஒருமுறை எழுதுகிறது, நடுவில் சிமுலேட்டர் தன் மதிப்பை எழுதுகிறது. சோதிப்பது சுலபம். சிமுலேட்டரோடு வந்த செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு, சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதே இடத்தில் அதே நேரத்தில் பாருங்கள். 35,000 அடிக்கு அது ஏறாது, பரவாயில்லை, விமானத்தின் இருப்பிடத்தை நேரடியாக மாற்றும் ஜன்னலில் உயரத்தைத் தட்டுங்கள். எஞ்சின் திணறும், ஆனால் நாம் பார்க்க வந்தது எஞ்சினை இல்லை.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டும் ஆட்களுக்கு இதிலேயே ஒரு கிளைக் கதை உண்டு. பழைய பதிப்புகளுக்கான ஸ்கிரிப்டுகள் பார்வைத் தூரத்தை மீட்டரில் கையாளும். 12-ஆம் பதிப்பில் வந்த புதிய வானிலை மாறிகளில் பார்வைத் தூரம் ஸ்டாட்யூட் மைலில் இருக்கிறது, ஒரு மைல் 1,609 மீட்டர். பெயரை மட்டும் மாற்றிவிட்டு அலகை மாற்றாமல் விட்டால் 800 மீட்டர் மூடுபனி 800 மைல் ஆகிவிடும். அப்போது வரும் புகார் நேர் எதிரானது: 'எனக்கு மூடுபனியே வருவதில்லை, வானிலை வேலை செய்யவில்லை.' இதை யாரும் கோளாறு என்று சீக்கிரம் கண்டுபிடிப்பதில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தால் யார் குறை சொல்வார்கள்?

ஜனவரி 13

'எண் 10,000-தான், ஆனால் 5 கிலோமீட்டர் வரை நன்றாகத் தெரிந்து அப்புறம் ஒரேயடியாக மூடுகிறது, நிஜத்தில் இப்படி இல்லையே' என்பதற்கு.

சரியான கவனிப்பு. இது சூத்திரம் செய்கிற வேலை. நிஜக் காற்றில் ஒளி தூரத்தோடு அடுக்குக்குறி முறையில் தேயும். பார்வைத் தூரத்தை 2 சதவீத மாறுபாடு மிஞ்சும் இடம் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி தூரத்திலேயே 14 சதவீதம்தான் மிஞ்சும். அதாவது பக்கத்து மலையே கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரிய வேண்டும். ஃப்ளைட்கியரின் பழைய மூடுபனிச் சூத்திரம் தூரத்தின் வர்க்கத்தை எடுத்துக்கொள்கிறது, சொன்ன தூரத்தில் 1 சதவீதம் மிஞ்சும்படி. அதில் பாதி தூரத்தில் கிட்டத்தட்ட 32 சதவீதம். அருகில் தெளிவு, தூரத்தில் திடீர் முடிவு. அந்தக் காலக் கார்டுகளுக்கு இது லேசான கணக்கு, அதோடு நிலப்பரப்பு எங்கே முடிகிறது என்பதை அழகாக மறைத்துவிடும். பழைய சிமுலேட்டர்கள் பலவற்றில் மூடுபனியின் முதல் வேலை உலகத்தின் விளிம்பை மறைப்பது, வானிலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வளிமண்டல ஒளிச்சிதறல் முறையை இயக்கினால் இது மாறும். மூடுபனி அடுக்காக, உயரத்துக்கு ஏற்ப நிற்கும். மலை உச்சி வெளியே, பள்ளத்தாக்கு உள்ளே. கார்டுக்கு வேலை கூடும். எனக்கு அது இல்லாமல் இப்போது பறக்கப் பிடிப்பதில்லை.

ஜனவரி 15

இப்போது புரொப்பெல்லர் வட்டம். இது நிஜமான வரைகலைக் கோளாறு, ஆனாலும் கார்டு குற்றவாளி இல்லை.

வேகமாகச் சுழலும் புரொப்பெல்லரைத் தனித்தனி இறக்கைகளாக வரைய மாட்டார்கள். பாதி ஊடுருவும் ஒரு தட்டையான வட்டு, அதில் மங்கலான படம். மேகமும் பாதி ஊடுருவும் பொருள்தான். இப்படிப்பட்டவற்றைப் பின்னாலிருந்து முன்னால் என்ற வரிசையில் வரைய வேண்டும். வட்டு முதலில் வரையப்பட்டு, தன் ஆழத்தையும் ஆழப் பதிவில் (ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் பொருள் எவ்வளவு தூரம் என்று கார்டு குறித்து வைக்கும் பட்டியல்) எழுதிவிட்டால், பிறகு வரும் மேகத்திடம் கார்டு கேட்கும்: 'உனக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, நீ எதற்கு?' மேகம் அந்த வட்டத்துக்குள் வரையப்படாது. பின்னால் இருக்கும் வெறும் வானம் மட்டும் தெரியும்.

சரிசெய்ய இரண்டு வழி. மாடல் கோப்பில் வட்டைக் கடைசியில் வரையும்படி வரிசையை மாற்றலாம், அல்லது அது ஆழப் பதிவில் எழுதாதபடி செய்யலாம். இரண்டும் விமானத்தின் கோப்பில் செய்கிற வேலை, கிராபிக்ஸ் செட்டிங்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மாடல் செய்தவருக்கு எழுதுங்கள். எழுதும்போது 'மேகம் தெரியவில்லை' என்று எழுதாமல் 'சுழல் வட்டு ஆழப் பதிவில் எழுதுகிறது' என்று எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

ஜனவரி 15, சற்றுக் கழித்து

காக்பிட் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேகம் இல்லை, வெளிக் கேமராவில் இருக்கிறது என்றால் அதுவும் இதேதான். கண்ணாடியும் ஊடுருவும் பொருள்.

மேகம் நம்மோடு சேர்ந்து சாய்கிறது, திரும்புகிறது என்பது வேறு. 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) ஓட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு மேகமும் நம்மை நோக்கியே நிற்கும் தட்டைப் படங்களின் கூட்டம். நாம் நகர்ந்தால் அவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது அமைப்பே அப்படி. சரிசெய்ய எதுவும் இல்லை, மேகத்தை உற்றுப் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

ஜனவரி 18

புதிதாக ஒருவர் அனுப்பிய படம் சுவாரசியம். அடர்ந்த மூடுபனி, அதற்குள் கட்டடங்கள் தெரியவில்லை, ஆனால் அவற்றின் ஓரங்கள் மட்டும் கறுப்புக் கோடாகப் பனியின் *மேல்* தெரிகின்றன. பேய் நகரம்.

டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து 'ஆம்பியன்ட் அக்ளூஷன்' கட்டாயமாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூலை முடுக்குகளில் நிழல் சேர்க்கும் வசதி அது. சிமுலேட்டர் தன் படத்தை மூடுபனியோடு வரைந்து முடித்த பிறகு, டிரைவர் ஆழப் பதிவை மட்டும் பார்த்து நிழலைத் தீட்டுகிறது. மூடுபனி ஒரு பொருள் இல்லை, அதனால் ஆழப் பதிவில் அதற்கு இடமே இல்லை. கட்டடம் இருக்கிறது, ஓரம் இருக்கிறது, நிழலைப் போடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெளியிலிருந்து சேர்க்கும் நிற வடிகட்டிப் பொதிகளில் ஆழத்தைப் படிக்கும் விளைவுகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அவர் அணைத்துப் பார்த்துவிட்டு, கோடுகள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறார். அணைத்த பிறகு நகரம் சப்பென்று இருக்கிறதாம். எல்லாமே வேண்டும் என்றால் எப்படி!

ஜனவரி 19

மேகத்தின் ஓரம் மணல் மணலாக இருப்பதும், இறக்கை நுனிக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு தடம் இழுபடுவதும் புதிய தலைமுறை சிமுலேட்டர்களின் வியாதி. கன அளவுள்ள மேகங்களை முழுத் தெளிவில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்கிடுவது மிகப் பெரிய வேலை. அதனால் குறைந்த தெளிவில் கணக்கிட்டு, முந்தைய ஃப்ரேம்களிலிருந்து மீதியை நிரப்புவார்கள். 4-க்கு 4 கட்டத்தில் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல் என்பது பரவலான முறை. அப்படியென்றால் முழுப்படம் புதிதாக 16 ஃப்ரேம் ஆகும். 60 ஃப்ரேமில் ஓடினால் கால் நொடிக்குச் சற்றுக் கூட, 30-ல் ஓடினால் அரை நொடிக்கு மேல். அதனால்தான் கார்டு திணறும்போது தடமும் நீளமாகிறது.

இங்கே செட்டிங்கை மாற்றிப் பலன் உண்டு. வியப்பான விஷயம், எனக்கு மேகத் தரத்தை ஒரு படி குறைத்தபோது மேகம் நன்றாகவே தெரிந்தது. ஃப்ரேம் கூடியதால் நிரப்புதல் வேகமாக முடிந்தது. 'அல்ட்ரா'வில் வைத்து 25 ஃப்ரேமில் ஓட்டுவதைவிட இது மேல். நின்ற இடத்தில் படம் எடுத்துப் பகிர்வதற்கு வேண்டுமானால் அல்ட்ரா.

மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிவது மேகமே இல்லை. ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிதான். மங்கலான ஆரஞ்சிலிருந்து சாம்பலுக்கு வானம் முழுக்கப் போகும்போது படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சிமுலேட்டரில் டிதரிங் (புள்ளிகளைக் கலந்து படிகளை மறைக்கும் வசதி) இருந்தால் இயக்குங்கள், திரை 10 பிட் தாங்கினால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஜனவரி 22

'550 மீட்டர் வைத்து ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டி) பிடித்து இறங்கினேன், 200 அடியிலும் ரன்வே இல்லை, விளக்குகள் மட்டும் தெரிந்தன, மறுபடி கோளாறு' என்கிறார்கள்.

கணக்குப் போடுவோம். 3 டிகிரிச் சரிவில் 200 அடி உயரத்தில் இருக்கும்போது ரன்வே தொடக்கம் இன்னும் ஏறத்தாழ 870 மீட்டர் தள்ளி இருக்கிறது. 550 மீட்டரில் அது எப்படித் தெரியும்? முதல் வகை இறக்கத்துக்கான அணுகு விளக்குகள் ரன்வேக்கு முன்னால் 900 மீட்டர் நீள்வது இதற்காகத்தான். முடிவெடுக்கும் உயரத்தில் அந்த விளக்குகள் தெரிந்தால் தொடரலாம். உங்கள் சிமுலேட்டர் மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது, வாழ்த்துகள்.

ஆனால் இதில் ஒரு நியாயமான குறை உண்டு. 550 என்பது ரன்வே பார்வை வீச்சு. அதைக் கணக்கிடும்போது விளக்கின் பிரகாசத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மெட்டாரின் பொதுப் பார்வைத் தூரம் வேறு. இருட்டில் பிரகாசமான விளக்கு ஒன்று மங்கலான கட்டடத்தைவிட எத்தனையோ மடங்கு தூரத்தில் தெரியும். சிமுலேட்டர் விளக்கையும் புல்லையும் ஒரே சூத்திரத்தில் மங்கச் செய்தால், நிஜத்தில் தெரியும் விளக்குகூட அங்கே தெரியாது. அப்படிப்பட்ட சிமுலேட்டரில் இரவு மூடுபனி இறக்கம் பழக வேண்டுமென்றால், நான் பார்வைத் தூரத்தை அறிக்கையைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன். ஏமாற்று என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

ஜனவரி 23

இல்லை, 'கேவ்-ஓகே' என்று அறிக்கையில் வந்தால் மேகமே இருக்கக்கூடாது என்று பொருள் இல்லை. 5,000 அடிக்குக் கீழே (மலைப்பகுதி என்றால் அங்கே அதைவிட உயரமான குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே) மேகம் இல்லை, இடிமேகம் இல்லை, குறிப்பிடத்தக்க வானிலை இல்லை, பார்வைத் தூரம் 10 கிலோமீட்டரோ மேலோ. 20,000 அடியில் வானம் முழுக்க மூடியிருந்தாலும் அது கேவ்-ஓகேதான். அங்கே மேகம் இருப்பதைக் கோளாறு என்று புகார் போட்டவரே அதைத் திரும்பப் பெற்றால் நல்லது.

பிப்ரவரி 2

பொலிவியாவின் எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில் மேகம் ரன்வேக்குள்ளேயே கிடக்கிறது என்ற படத்துக்கு.

மெட்டாரில் மேக அடி விமான நிலையத் தரையிலிருந்து அளக்கப்படுகிறது, கடல் மட்டத்திலிருந்து இல்லை. லா பாஸின் அந்த நிலையம் 13,325 அடி உயரத்தில் இருக்கிறது. 2,000 அடியில் மேகம் என்றால் கடல் மட்டத்திலிருந்து 15,325. சேர்த்து வைக்கப்படும் வானிலைப் பொதி நிலைய உயரத்தைக் கூட்ட மறந்தால் மேகம் மலைக்கு அடியில் போய்விடும், ஒன்றும் தெரியாது. உயரத்தைக் கூட்டியும் நிலப்பரப்புப் பொதியின் உயரமும் நிலையத் தரவின் உயரமும் ஒத்துப்போகாவிட்டால் மேகம் தரையை உரசும். உங்கள் படத்தில் இரண்டாவது. நிலப்பரப்புப் பொதியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கடலோர நிலையங்களிலேயே சோதித்து வெளியிடும் பொதிகளில் இது ஒளிந்தே இருக்கும். அங்கே எல்லா எண்ணும் சரியாக வந்துவிடும் இல்லையா.

பிப்ரவரி 3

செட்டிங் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்கு என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். ஃப்ளைட்கியர் தன் விருப்பங்களை ஆட்டோசேவ் கோப்பில் வைத்துக்கொள்ளும், அதை அழித்தால் எல்லாம் ஆரம்ப நிலைக்கு வரும், உண்மைதான். ஆனால் அதோடு விசைகள், ஜாய்ஸ்டிக் விருப்பம் என்று நீங்கள் பொறுமையாக அமைத்ததும் போகலாம். ஆட்டோசேவைப் பொருட்படுத்தாமல் தொடங்கும் தெரிவு ஒன்று கட்டளை வரியில் இருக்கிறது. அதைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோளாறு போனால் மட்டும் கோப்பைத் தொடுங்கள், அதுவும் நகல் எடுத்துவிட்டு.

இன்னொரு தெரிவு இதைவிட உதவும்: மெட்டார் வரியை நாமே எழுதிக் கொடுத்துத் தொடங்கலாம். அப்போது இணையத்திலிருந்து வானிலை எடுப்பது நின்றுவிடும், வானம் நம் கையில். நான் ஒரே பார்வைத் தூரம், ஒரே மேக அடுக்கு வைத்து, நேரத்தை நண்பகலுக்குப் பூட்டிவிட்டுச் சோதிப்பேன். நிஜ வானிலையில் சோதித்தால் நாம் மாற்றிய செட்டிங்கால் சரியானதா, அல்லது அடுத்த அறிக்கை வந்து நிலைமை மாறியதா என்று தெரியாது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ புது அறிக்கை வந்துகொண்டே இருக்கும். அருகிலுள்ள நிலையம் மாறும் இடத்தைக் கடந்தாலும் மாறும்.

மேகங்கள் தூரத்தில் நேர்க்கோட்டில் வெட்டினாற்போல முடிகின்றன என்றவருக்கும் இங்கேயே: மேகத்தை வரையும் தூரம் தனி செட்டிங். பார்வைத் தூரம் 60 கிலோமீட்டர், மேக தூரம் 20 என்றால் விளிம்பு தெரியத்தான் செய்யும். ஒன்றைக் கூட்டுங்கள் அல்லது மற்றதைக் குறையுங்கள். பழைய கணினி என்றால் இரண்டாவது.

பிப்ரவரி 14

கேட்டவர் எழுதியிருக்கிறார். சிமுலேட்டரோடு வந்த விமானத்தில் எண் ஒழுங்காகக் கூடுகிறது, அவருடைய ஜெட்டில் 10,000-லேயே நிற்கிறது. பொதிக்குள் தேடியதில் இரண்டு ஸ்கிரிப்டுகள் பார்வைத் தூரத்தைத் தொடுகின்றன, அதில் ஒன்று இறக்கை நுனி நீராவிக்காகவாம்! இரண்டிலும் அந்த வரிகளை முடக்கியதும் 35,000 அடியில் ஆறு, சாலை எல்லாம் தெரிகிறது. கார்டு வாங்க வைத்திருந்த பணத்தில் ரட்டர் பெடல் வாங்கப் போகிறாராம், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

புரொப்பெல்லர் விமானத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. சுழல் வட்டு இப்போது கடைசியில் வரையப்படுகிறது, மேகம் முழுதாகத் தெரிகிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில் மட்டும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. கண்ணாடி இரண்டு அடுக்காக இருப்பதால் உள் அடுக்கை மாற்றியவர் வெளி அடுக்கை விட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. கோப்பின் எந்த வரி என்று குறித்து அனுப்பியிருக்கிறேன்.